சுங்கான் முள், திருக்கை வால், குளவி: மீனவர் சங்கக் கட்டடத்துக்கு என்ன மருந்துப் பெட்டி?

ஆத்துக்கரையான் (கேள்வி)

வணக்கம். குறுமண்வெளிப் பக்கம் வாவிக்கரையில் இருக்கிற எங்கட மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒரு முதலுதவிப் பெட்டியும் சுவரில் ஒரு அறிவித்தல் பலகையும் வைக்க யோசிக்கிறோம். வீச்சு வலை, அத்தாங்கு, கட்டுவலை எல்லாம் நடக்கிற இடம். குத்து என்றால் கூடுதலாக முள் மீன்களான சுங்கானும் கெளிறும்தான், இடைக்கிடை திருக்கை. கரையில் குளவிக் கூடு, வேலியில் தொட்டால் கடிக்கிற காஞ்சோண்டிச் செடி.

ஆட்கள் செய்கிறது ஆளுக்கொரு மாதிரி. ஒருவர் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார், ஒருவர் சுண்ணாம்பு பூசுகிறார், இன்னொருவர் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார். ஐஸ் வைக்கிறவர்களும் உண்டு, பிளேட்டால் கீறி இரத்தம் எடுக்கிறவர்களும் உண்டு. எதுக்கு எது சரி, எவ்வளவு நேரம், எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும்? தெரிந்தவர்கள் விபரமாக எழுதுங்கள்.

தோணித்துறை

மீன் முள்ளுக்குச் சூடு, குளவிக்கும் தேனீக்கும் குளிர். பலகையின் தலையில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். திருக்கை குத்தின காலில் ஐஸ் வைத்தால் நோவு அநேகமாகக் குறையாது. மீன் நஞ்சில் இருக்கிறது புரதம், அது சூட்டில் சிதையும். அதனால்தான் சுடுதண்ணி.

சுடுதண்ணி என்றால் 45 பாகை செல்சியஸ், அதுக்கு மேல் போகக்கூடாது. அங்கேதான் கூடுதலான ஆட்கள் பிழை விடுகிறார்கள். கொதிதண்ணியும் பச்சைத்தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்தால் 60 பாகையைத் தாண்டும், தோல் வெந்துவிடும். அப்போதுதான் கொதித்த தண்ணி என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு பச்சைத்தண்ணி. காலையில் பிளாஸ்கில் ஊற்றி மத்தியானம் எடுக்கிற தண்ணி 80 பாகை அளவுக்கு இறங்கியிருக்கும், அதுக்கு ஒன்றுக்கு இரண்டு போதும். எப்படிக் கலந்தாலும் குத்து வாங்கினவர் தன்ர மற்றக் காலையோ கையையோ முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். குத்துப்பட்ட கால் நோவிலும் விறைப்பிலும் சூட்டைச் சரியாகச் சொல்லாது. பக்கத்தில் நிற்கிறவர் விரலால் பார்க்கிறதும் சரிவராது, வலை இழுத்துக் காய்த்த கைக்குச் சூடு சரியாகத் தெரியாது.

வாளியில் குத்துப்பட்ட இடம் முழுக்க முங்க வேண்டும். 30 நிமிடத்தில் இருந்து 90 நிமிடம் வரை. தண்ணி ஆறினால் காலை வெளியே எடுத்த பிறகுதான் சுடுதண்ணி சேர்க்க வேண்டும். கால் உள்ளே இருக்கும்போது ஊற்றி வெந்துபோகிறது அடிக்கடி நடக்கிற விசயம். வெளியே எடுத்ததும் நோவு திரும்பினால் மறுபடி முக்கலாம்.

சுங்கானுக்கும் கெளிறுக்கும் முன் செட்டை இரண்டிலும் பலமான முள் இருக்கு, கெளிறுக்கு முதுகிலும் ஒன்று. பயந்தால் முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும், அமத்தி மடக்கப் பார்த்தால் மடங்காது. முள்ளைச் சுற்றி மெல்லிய தோல், அதுக்குள் நஞ்சுத் திசு. முள் ஏறும்போது தோல் கிழிந்து நஞ்சு காயத்தில் இறங்கும். அதனால் செத்த மீனும் குத்தும். வலையில் இருந்து கழற்றும்போது ஈரச் சாக்கால் பொத்திப் பிடித்து, முதலில் குறட்டால் முள்ளை அடியில் நறுக்குங்கள். நறுக்கின முள்ளைக் கரை மணலில் எறிய வேண்டாம், வெறுங்காலோடு பிள்ளைகள் வரும். திருக்கை வாலுக்கும் இதேதான்.

முள் முறிந்து உள்ளே நின்று, நுனி வெளியே தெரிந்தால் ஏறின வழியாலேயே நேராக வெளியே இழுக்க வேண்டும். திருக்கி இழுத்தால் பல் பல்லாக இருக்கிற விளிம்பு சதையைக் கிழிக்கும். மூட்டுக்குள் ஏறினது, ஆழமாக ஏறினது, நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறினது, இவற்றில் கை வைக்கவே கூடாது. முள் அசையாமல் துணியால் அணைகட்டி அப்படியே ஆஸ்பத்திரிக்கு.

கயிறு கட்டுகிறது வேண்டாம், ஒரு குத்துக்கும் வேண்டாம். நஞ்சு ஒரே இடத்தில் தேங்கி அந்தச் சதையை இன்னும் கெடுக்கும். சுண்ணாம்பு காயத்தைச் சுடும். கீறினால் இன்னொரு காயம்தான் மிச்சம். திருக்கை வெட்டினது போல ஆழக் கிழித்து இரத்தம் ஓடினால் சுடுதண்ணிக்கு முதல் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிப்பாட்ட வேண்டும்.

தண்ணிக்குள் நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலோடு உரசி உரசி நடந்தால் திருக்கை முன்னமே விலகிப் போகும். முதுகில் மிதித்தால்தான் வாலை வீசும்.

வார்ட்டு வாசல்

தோணித்துறை சொன்னதோடு ஒன்று கட்டாயம் சேர்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவு, இரண்டு காலிலும்தான். மற்றக் காலை வைத்துப் பார்க்கிற சோதனை அவர்களுக்குப் பலிக்காது. அவர்களுக்கு மட்டும் சீனி வருத்தம் இல்லாத ஒருவர் முழங்கையை வைத்துப் பார்த்து, இளஞ்சூடாக வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படியே.

நோவு போனதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருக்கிறதுதான் எனக்குப் பெரிய கவலை. வாவித் தண்ணியில் இருக்கிற சில பக்டீரியாக்கள் காயத்தை வேகமாகப் பழுதாக்கும். உவர்த்தண்ணியில் விப்ரியோ, நன்னீரில் ஏரோமோனாஸ். முக்கி எடுத்த பிறகு குழாய்த்தண்ணியும் சவர்க்காரமும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அதுக்குப் பிறகு சிவப்பு பரவுகிறதா, காய்ச்சல் வருகிறதா, ஊதா நிறக் கொப்புளம் எழும்புகிறதா, காயத்தின் அளவுக்குப் பொருந்தாத நோவு இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்கள், நெடுக மது குடிக்கிறவர்கள், நீரிழிவுக்காரர் ஆகியோருக்கு விப்ரியோ ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகலாம். வைத்தியரிடம் “ஆத்துத் தண்ணியில் மீன் குத்தின காயம்” என்று வாய் திறந்து சொல்லுங்கள். கொடுக்கிற அன்டிபயோட்டிக் அதைப் பொறுத்து மாறும். திருக்கை முள் உடைந்து உள்ளே நிற்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டி வரலாம். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் அதையும் கேளுங்கள்.

இனிக் குளவி. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும், நஞ்சுப் பையும் அதோடு சேர்ந்து துடித்து நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தாலோ கார்ட்டாலோ கிள்ளியோ, எப்படி எடுத்தாலும் பரவாயில்லை, உடனே எடுக்கிறதுதான் முக்கியம். குளவிக்குக் கொடுக்கு நிற்காது, அதனால் ஒரே குளவி பல தரம் கொட்டும். கழுவி, துணியில் சுற்றின ஐஸை 10 நிமிடம் வைத்து எடுத்து, திருப்பி வையுங்கள். கொட்டின இடம் மறுநாள் பெரிதாக வீங்குகிறது பலருக்கும் வரும், அது மட்டும் என்றால் பயமில்லை. கையில் கொட்டினால் மோதிரத்தை முதலே கழற்றிவிடுங்கள்.

பயப்பட வேண்டியது வேற. கொட்டாத இடத்தில் தடிப்பும் சொறியும் எழும்புகிறது, உதடு நாக்கு வீங்குகிறது, குரல் கம்முகிறது, மூச்சு இழுக்கிறது, தலை சுற்றி விழுகிறது, திடீரென்று சத்தி எடுக்கிறது. இது ஒரேயொரு கொட்டிலும் வரும், சில நிமிடங்களுக்குள்ளும் வரும். இதுக்கு மருந்து தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசி. ஒவ்வாமைக்குக் கொடுக்கிற பிரிட்டோன் குளிசை தடிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது, விழுந்த இரத்த அழுத்தத்தை எழுப்பாது. குளிசையைக் கொடுத்துவிட்டு “பார்ப்போம்” என்று இருக்கிற நேரத்தில்தான் உயிர் போகிறது. உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். ஆளை மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுக் கஷ்டம் என்றால் மட்டும் சாய்ந்து இருக்க விடுங்கள். எழும்பி நடக்க விட வேண்டாம், மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோக வேண்டாம்.

ஒவ்வாமை இல்லாதவருக்கும் பத்துக்கணக்கில் கொட்டு விழுந்தால் ஆஸ்பத்திரிதான். நஞ்சு தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தை அடைக்கும். அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்தாலோ தேத்தண்ணி நிறத்தில் போனாலோ அதுதான் அறிகுறி.

பாசிக்குடா அலை

கேள்வி வாவியைப் பற்றினாலும் கடலுக்கும் போகிற ஆட்கள் இருப்பார்கள், அதனால் சொறியை (ஜெலி மீனை) பற்றிச் சுருக்கமாக. முதலில் கடல் தண்ணியாலேயே கழுவுங்கள். நல்ல தண்ணி ஊற்றினால் தோலில் ஒட்டி நிற்கிற வெடிக்காத கொட்டணுக்களும் வெடிக்கும். மணல் போட்டுத் தேய்த்தாலும் அப்படித்தான், சிறுநீரும் வேண்டாம். சதுரப் பெட்டி போல மூலைக்கு மூலை இழை தொங்குகிற சொறி என்றால் வினாகிரியை 30 செக்கன் ஊற்றி, பிறகு இழைகளை எடுக்கலாம். நீலக் காற்றுப்பை போல மிதந்து, நீண்ட நீல இழை விடுகிறதுக்கு வினாகிரி வேண்டாம் என்பது அவுஸ்திரேலிய முதலுதவி வழிகாட்டல். கடல் தண்ணியால் கழுவி, இழையை எடுத்து, மேலே சொன்ன அதே 45 பாகைச் சுடுதண்ணியில் 20 நிமிடம். கரையில் காய்ந்து கிடக்கிற சொறியும் கொட்டும்.

வேலியடி

காஞ்சோண்டிக்கு: தேய்க்காதீர்கள், கழுவுகிறதுக்கும் அவசரப்படாதீர்கள். முதலில் செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரியுங்கள், மயிர் அதோடு வரும். அதுக்குப் பிறகு சவர்க்காரத் தண்ணி, கலமைன் லோஷன். அந்த மயிரின் நுனியில் கல்சியம் ஒக்சலேற் ஊசி இருக்கு, தேய்த்தால் இன்னும் ஏறும். பூனைக்காலிக்கும் இதே முறை. முற்றின காயின் மயிர் காற்றில் பறக்கும், காற்றுக்கு எதிரே நின்று வெட்ட வேண்டாம். போட்டிருந்த சட்டை சாரனைத் தனியாகத் தோயுங்கள். இரண்டையும் பூக்கிறதுக்கு முதல் வேரோடு பிடுங்கினால் அடுத்த வருடம் பாதித் தொல்லை குறையும்.

வாவிக்கரை என்றால் தில்லையையும் பலகையில் எழுதுங்கள். கொட்டுகிற மரம் இல்லை, ஆனால் கொப்பு வெட்டும்போது தெறிக்கிற பால் தோலில் கொப்புளம் போடும், கண்ணில் பட்டால் பார்வையே மறையும். கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணியை 20 நிமிடம் விடாமல் ஊற்றி, நேரே கண் வைத்தியரிடம். தில்லை விறகை அடுப்பில் வைக்கிறதும் வேண்டாம், புகை கண்ணை எரிக்கும்.

ஆத்துக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. பெட்டிக்கு இப்படி நினைக்கிறேன்: 2 லீற்றர் பிளாஸ்க், வாளி, குறடு, செலோடேப், சவர்க்காரம், துணிச்சுருள், வினாகிரி ஒரு போத்தல், பனடோல், பிரிட்டோன். சரியா? குளவிக் கூட்டை நாங்களே இரவில் எரிக்கலாமா?

வார்ட்டு வாசல்

பிளாஸ்க் இரண்டு வேண்டும். 2 லீற்றரில் 6 லீற்றர் அளவுதான் கலக்கலாம், ஒரு காலை முக்கலாம், ஆறினால் மாற்ற மிச்சம் இருக்காது. குளியலறை வெப்பமானி ஒன்று கிடைத்தால் கட்டாயம் போடுங்கள், முழங்கைக் கணக்கே தேவைப்படாது. வினாகிரியைக் கடலுக்குப் போகிற தோணியில் வையுங்கள். இந்தப் பெட்டியில் இருந்தால் யாராவது சுங்கான் குத்துக்கு ஊற்றிக்கொண்டு சுடுதண்ணியை விட்டுவிடுவார்கள். பிரிட்டோன் பெட்டியின் மூடியில் “மூச்சு இழுத்தால் இது போதாது, 1990” என்று ஒட்டுங்கள்.

கூட்டை எரிக்க வேண்டாம். ஒரு குளவி நசுங்கினாலே அதில் இருந்து வருகிற வாடை மற்றதுகளைக் கிளப்பும், ஏணியில் நிற்கிறவருக்கு ஓட இடமும் இருக்காது. பழக்கமும் முழு உடுப்பும் உள்ள ஆட்களைக் கூப்பிடுங்கள், அதுவரை அந்த மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி வையுங்கள். கலைந்து வந்தால் அசையாமல் நிற்கிறதில் பிரயோசனம் இல்லை. சாரனால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிக் கட்டடத்துக்குள் கதவைச் சாத்த வேண்டும். தண்ணிக்குள் குதித்தால் தலை தூக்குகிற நேரம் மேலே நிற்கும்.

தோணித்துறை

பிளாஸ்கை ஒவ்வொரு நாளும் விடியவே நிரப்புகிற ஆளின் பெயரையும் பலகையில் எழுதுங்கள், முறை வைத்து மாற்றலாம். முந்தின நாள் தண்ணி கிடந்தால் அதில் கலக்கிற அளவுக்குச் சூடு இருக்காது.