மஞ்சள் பூசிய வாழ்த்து அட்டையில் சிவப்புத் திட்டு, ஏன்?

மாடிவீட்டு அம்மா:
பொங்கலுக்குச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப, நானும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளும் 12 வாழ்த்து அட்டைகள் செய்கிறோம். கடைச் சாயம் கூடாது, அடுப்படியில் இருப்பதுதான் என்று அவள் பிடிவாதம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து, பழைய பனியன் துணியால் தாள் முழுக்கத் தடவினோம். அழகாகக் காய்ந்தது. சாப்பிட்ட தட்டைத் தேய்த்து வைத்துவிட்டு ஈரக்கையோடு வந்து தொட்டாள். விரல் பட்ட இடமெல்லாம் சிவப்பு! இரண்டு அட்டைகள் போச்சு. போதாததற்கு ஏ4 தாள் பொரித்த அப்பளம் மாதிரி நெளிகிறது. என்ன செய்யலாம்?

திண்ணைப் பாட்டி:
ஆரத்தி எப்படிக் கரைப்பீர்கள் அம்மா? மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு. இதுவும் அதே சங்கதிதான். பாத்திரச் சோப்பில் காரம் இருக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவந்துவிடும்.

அந்த இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கால் ஸ்பூன் சமையல் சோடா கரைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் தொட்டு, காய்ந்த மஞ்சள்மேல் கோலம் போடச் சொல்லுங்கள். கோடு தானாகச் சிவந்து வரும். ரத்தச் சிவப்பு வராது, செங்கல் நிறம். சுண்ணாம்பு என்றால் இன்னும் அழுத்தமாக வரும், ஆனால் பிள்ளை கையில் அதைக் கொடுக்க வேண்டாம். கோடு தப்பினால் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு, மறுபடி மஞ்சள். என் பேத்தி இந்த அழிரப்பருக்காகவே வேண்டுமென்று தப்பாகப் போடுவாள்.

காயவைப்பது நிழலில்தான். சட்டையில் பட்ட சாம்பார்க் கறையை வெயிலில் போட்டு எடுப்போமே, அட்டைக்கும் அந்தக் கதிதான்.

பேப்பர் பைத்தியம்:
ஏ4 தாள் ஈரம் தாங்காது. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டிக்கொள்ளுங்கள். வழவழப்பானது வேண்டாம், சாயம் உருண்டோடிவிடும். முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒரு அட்டையில் தங்க விலை அப்படியே பதிந்திருந்தது.

வேலியோரம்:
நீலத்துக்கு சங்குப்பூ, அக்கா. பத்துப் பதினைந்து பூவை அரை டம்ளர் வெந்நீரில் ஊறவிட்டால் போதும். அதைப் பூசி, ஈரமாக இருக்கும்போதே எலுமிச்சைச் சாற்றைத் தெளித்தால் ஊதாவும் ரோஜா நிறமுமாகத் திட்டுத் திட்டாக விரியும். பீட்ரூட்டை மட்டும் நம்பாதீர்கள். முதல் நாள் ஜோராக இருக்கும், அப்புறம் பழுப்பேறிவிடும்.

மாடிவீட்டு அம்மா:
பாட்டி, சோடா வேலை செய்துவிட்டது! கெட்டுப்போன அட்டையின் விரல் தடங்களையே பூவாக்கி, காம்பு வரைந்துவிட்டாள். அதைத் தாத்தாவுக்கு எடுத்து வைத்திருக்கிறோம். பத்திரிகை அட்டையில் மீதிப் பத்தையும் நாளை பூச வேண்டும். சாயங்காலம் பஜ்ஜி போடலாம் என்று பார்த்தால் டப்பாவில் சோடாதான் இல்லை.