சிங்கராஜாவில் முழங்கால் அளவு சருகா? யார் அளந்தது?

உப்புவெளி டீச்சர்

சிங்கராஜா மழைக்காட்டுக்குப் புவியியல் ஆசிரியர்களைக் கூட்டிப் போகும் களப்பயணம் பற்றிய பேச்சில் மலைமுகடு சேர் நேற்று எழுதியது இது: “சிங்கராஜாவில் முழங்கால் ஆழத்துக்குச் சருகு கிடக்கிறது. அதனால்தான் அந்த மண் அவ்வளவு வளம். அதைக் காட்டத்தான் ஆசிரியர்களைக் கூட்டிப் போக வேண்டும்.”

இதை வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இளம் ஆசிரியர்கள் இதை அப்படியே வகுப்பில் போய்ச் சொல்வார்கள். பிள்ளைகள் பரீட்சையில் எழுதுவார்கள். புள்ளி போவது அவர்களுக்குத்தான்.

மாசி மாதம் நாங்கள் ஒன்பது ஆசிரியர்கள் சொந்தக் காசில் வான் பிடித்துப் போனோம். விடியமுன் மூன்று மணிக்குத் திருகோணமலையில் ஏறி, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், இரத்தினபுரி, களவானை என்று போய், காட்டு வாசலான குடாவையில் இறங்கும்போது பின்னேரம் நாலரை. மறுநாள் காலை காட்டுக்குள் போனோம். என் கைப்பையில் முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டம் இருந்தது. பாதை ஓரமாக எட்டு இடத்தில் அளந்தேன். ஆகக் கூடியது நாலு சென்ரிமீற்றர். மூன்று இடத்தில் இரண்டு கூட இல்லை.

மேலே கிடந்த இலை முழுசாக இருந்தது. அதற்குக் கீழே இருந்தது நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, சல்லடை மாதிரி. அதையும் மெல்லத் தூக்கினால் வெள்ளைப் பூஞ்சண நூல் இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்த மாதிரி ஓடியது. அதோடு ஒட்டிக்கொண்டு மயிர் போன்ற வேர்கள், மண்ணுக்குள் போகாமல் மேல்நோக்கி இலைக்குள் வந்து நின்றன. அதற்குக் கீழே மஞ்சள் களி. அவ்வளவுதான். பார்த்துவிட்டு எல்லாவற்றையும் இருந்தபடியே மூடி வைத்தேன்.

முழங்கால் எங்கே இருக்கிறது சேர்?

மலைமுகடு

டீச்சர், நான் சிங்கராஜாவுக்கு நாலு தடவை போனவன். நீங்கள் ஒரு தடவை. நான் நின்ற இடத்தில் கால் புதைந்தது. அடிமட்டத்தால் காடு படிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவ்வளவு உயரமான மரங்கள் வளமில்லாத மண்ணிலா நிற்கின்றன? வயல் செய்கிறவனிடம் கேளுங்கள், சிரிப்பான்.

தம்பலகாமத்து விவசாயி

நான் வயல் செய்கிறவன்தான், ஆசிரியர் இல்லை. சேனை வெட்டினவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: காட்டை எரித்து விதைத்தால் முதல் போகம் நன்றாக வரும், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது ஒன்றும் இல்லை. அப்படியானால் வளம் எங்கே இருந்தது, மண்ணிலா மரத்திலா?

உப்புவெளி டீச்சர்

அண்ணன் சொன்னதைத்தான் நான் பதினேழு வருடமாகப் படிப்பிக்கிறேன். மழைக்காட்டின் சத்து நிற்பது மரத்தில். இலை விழுந்ததும் சூடும் ஈரமும் கறையானும் பூஞ்சணமும் சேர்ந்து சில மாதத்தில் முடித்துவிடும். மழை கழுவிக்கொண்டு போகமுன் வேர் அதைப் பிடித்துவிடும். ஆண்டுக்கு 3,600 மில்லிமீற்றருக்கு மேல், சில ஆண்டில் 5,000 வரை மழை விழுகிற இடம் அது. கரையக்கூடிய சத்து மண்ணில் எப்படித் தங்கும்? ஈரவலயத்தின் சிவப்பு மஞ்சள் பொட்சோலிக் மண் அப்படிக் கழுவப்பட்டதுதான்.

சருகு மெல்லிசாக இருப்பதே அந்தக் காடு வேகமாக வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. முழங்கால் அளவு கிடந்தால் அந்தக் காட்டில் ஏதோ பழுது என்றுதான் நான் நினைப்பேன்.

ஓய்வூதியர்

ஒரு சிறு கேள்வி. சருகு என்று எதைச் சொல்கிறீர்கள்? விழுந்த இலை மட்டுமா, பாதி உக்கியதும் சேர்த்தா, கீழே உள்ள கறுப்பு உக்கலும் சேர்த்தா? எங்கே தொடங்கி எங்கே முடித்து அளந்தீர்கள் என்று இரண்டு பேரும் சொன்னால் நல்லது.

மலைமுகடு

ஐயா, முழங்கால் என்றால் முழங்கால். அதற்கு வரைவிலக்கணம் வேண்டாம்.

டீச்சரிடம் ஒன்று கேட்கிறேன். குடாவையால் உள்ளே போகிற அந்தப் பாதை என்ன பாதை தெரியுமா? 1970களில் ஒட்டுப்பலகைக்கு மரம் இழுத்த லொறிப் பாதை. அதன் ஓரத்தில் குந்தியிருந்து அளந்துவிட்டு அசல் காட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறீர்கள்.

உப்புவெளி டீச்சர்

பாதையின் கதை எனக்கும் தெரியும். மரம் வெட்டுவதை எதிர்த்து மக்கள் குரல் கொடுத்து அதை நிறுத்திய பிறகுதான் 1978இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது, 1988இல் உலக மரபுரிமை ஆனது. எட்டில் மூன்று இடம்தான் அந்தப் பாதை. மற்ற ஐந்தும் முலாவெல்ல மலை ஏற்றத்தில், பெரிய மரங்களுக்குக் கீழே.

மலைமுகடு

ஏற்றத்தில் அளந்தீர்களா? மழை அடித்தால் சரிவில் உள்ள சருகு முழுக்கக் கீழே போய்விடாதா? இதைக் கூட யோசிக்காமல் அடிமட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பலகை வேர்களுக்கு நடுவே கை விட்டுப் பார்த்தீர்களா?

உப்புவெளி டீச்சர்

பார்த்தேன். ஏழு சென்ரிமீற்றர். முதலில் அதை எழுதாததற்குக் காரணம், இரண்டு வேருக்கு நடுவே காற்று ஒதுக்கிய குப்பையைக் காட்டின் கணக்கில் போடக் கூடாது என்பதுதான். வீட்டு முற்றத்தில் கூட மூலையில்தான் இலை குவியும்.

ஏழு என்றாலும் முழங்கால் இல்லை.

மூதூர்க்கரை

நாலு, ஏழு, முழங்கால்! இந்த மாவட்டத்தில் எத்தனை புவியியல் ஆசிரியர்கள் ஒரு மழைக்காட்டைக் கண்ணால் கண்டார்கள் என்று யாராவது கேட்டீர்களா? நான் கடமை லீவு கேட்டு எழுதினேன். “சுற்றுலாவுக்கு லீவு இல்லை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு தடவையும் பார்க்காமல் காட்டின் அடுக்குகளைக் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறேன். மேலடுக்கு, விதானம், கீழடுக்கு என்று கோடு போடுகிறபோது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த ஒன்பது பேரை யார் தெரிவு செய்தது டீச்சர்? மூதூரில் புவியியல் படிப்பிக்கிறவர்கள் இல்லையா?

உப்புவெளி டீச்சர்

தம்பி, யாரும் தெரிவு செய்யவில்லை. எங்கள் ஆசிரியர் வட்டத்தில் கேட்டோம், வாறோம் என்றவர்கள் வந்தார்கள். சனி, ஞாயிறோடு ஒரு போயா விடுமுறை சேர்ந்து வந்தது, லீவே எடுக்கவில்லை. உங்களுக்குத் தகவல் வராதது பிழைதான், அதை நான் ஏற்கிறேன். முழங்காலை ஏற்கமாட்டேன்.

கிண்ணியா ஆசான்

மலைமுகடு சேரிடம் மரியாதையாக ஒரு கேள்வி. கால் புதைந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தீர்களா? மேலே என்ன மரம்?

மலைமுகடு

காட்டில் மரம்தானே நிற்கும் ஆசான்? வேறென்ன நிற்கும்?

கிண்ணியா ஆசான்

காரணத்தோடுதான் கேட்கிறேன். 1970களின் கடைசியிலிருந்து சிங்கராஜாவின் விளிம்பில், ஊருக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு வேலி மாதிரி, பைன் மரம் நட்டார்கள். கரீபியன் பைன். இந்த நாட்டு மரமே இல்லை. அதன் ஊசி இலை இலேசில் உக்காது, வருடக்கணக்கில் மெத்தை மாதிரிக் கிடக்கும், நடந்தால் கால் அமிழும். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் இந்தப் பைனுக்குக் கீழே மழைக்காட்டு மரங்களை வளர்த்தெடுக்க முடியுமா என்று பல ஆண்டு ஆராய்ந்தவர்கள். சேர் நின்றது அந்தப் பைன் தோப்பாக இருக்கலாம்.

உப்புவெளி டீச்சர்

ஆசான் நானா, நீங்கள் நூறு வருடம் வாழ வேண்டும்! வானில் போகும்போது அந்தப் பைனை நாங்களும் பார்த்தோம். வரிசை பிடித்து நட்ட மரங்கள், எல்லாம் ஒரே உயரம், கீழே காய்ந்த செம்மஞ்சள் நிறம். மழைக்காட்டில் அந்த நிறமே வராது.

மலைமுகடு சேர் பைனுக்குக் கீழே நின்றுவிட்டு மழைக்காட்டில் நின்றேன் என்கிறார். இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள் சேர்.

மலைமுகடு

பைனுக்கும் மழைக்காட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்கிறீர்களா? இருபத்திரண்டு வருடம் படிப்பித்தவனுக்கு? விடைத்தாள் திருத்தும் இடத்திலும் டீச்சர் இப்படித்தான், தான் சொன்னதே சரி என்று நின்றவர். அங்கு இருந்தவர்களுக்குத் தெரியும்.

அமேசானில் கருமண் இருக்கிறது. ஒரு மீற்றர் ஆழத்துக்குக் கூட இருக்கிறது. மழைக்காட்டு மண் வளமில்லை என்றால் அது எங்கிருந்து வந்தது?

உப்புவெளி டீச்சர்

விடைத்தாள் கதையை இங்கே இழுக்காதீர்கள் சேர். அன்றைக்கு விடைத் திட்டத்தில் இருந்ததைத்தான் நான் சொன்னேன்.

அமேசான் கருமண் காடு தந்தது இல்லை, மனிதர் செய்தது. ஐரோப்பியர் வரமுன் அங்கே வாழ்ந்த மக்கள் கரியும் எலும்பும் சமையல் கழிவும் உடைந்த மட்பாண்டமும் போட்டுப் போட்டு உண்டாக்கிய மண். ஊர் இருந்த இடங்களில் திட்டுத் திட்டாக இருக்கிறது. சுற்றியுள்ள மண் வளமாக இருந்திருந்தால் அவர்கள் ஏன் அவ்வளவு பாடுபட்டு மண் செய்தார்கள்? நீங்கள் காட்டிய உதாரணம் என் பக்கம்தான் சாய்கிறது.

தம்பலகாமத்து விவசாயி

அந்த மண் எங்கள் பக்கம் கிடைக்காதா?

மூதூர்க்கரை

அமேசானுக்குப் போய்விட்டீர்கள். எனக்குக் குடாவைக்குப் போகவே வழியில்லை. போனவர்கள் ஒன்று சொல்லுங்கள், அங்கே வழிகாட்டி தமிழில் விளங்கப்படுத்துவாரா?

உப்புவெளி டீச்சர்

எங்களுக்கு வந்தவருக்குத் தமிழ் வராது. நல்ல மனிதர், ஒவ்வொரு மரத்தையும் கையால் தட்டிப் பெயர் சொன்னார்: ஹொர, தூன், நா. எங்களில் இரண்டு பேர் மாறி மாறித் தமிழில் சொன்னோம். குடுவைத் தாவரத்தைக் காட்டி உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னார், கொஞ்சத் தண்ணீரும் இரண்டு எறும்பும் கிடந்தன. தனக்கு வேண்டிய நைதரசனை மண்ணிடம் பெற முடியாமல் பூச்சி பிடித்துத் தின்கிற செடி! வளமான மண்ணில் அந்தச் செடிக்கு அப்படி ஒரு கஷ்டம் ஏன்? மலைமுகடு சேர் பதில் சொல்லட்டும்.

மலைமுகடு

குடுவைத் தாவரம் பாதை ஓரத்து வெளியில் வளருகிறது. அது காடு இல்லை. மறுபடியும் பாதை ஓரம்!

ஓய்வூதியர்

சருகு என்றால் எது என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

கிண்ணியா ஆசான்

நான் ஒன்று சொல்லட்டுமா? எங்கள் மாவட்டம் உலர் வலயம். ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் கீழே, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தைக்குள் கொட்டிவிடும். கன்னியாப் பக்கக் காட்டில் பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிற்கின்றன. வரட்சியில் முதிரை இலை கொட்டும். உக்குவதற்கு ஈரம் இல்லாதபடியால் சருகு மழைக்காலம் வரும்வரை காத்துக் கிடக்கும், நடந்தால் சரசர என்று கேட்கும். மழைக்காட்டில் அந்தச் சத்தம் கேட்காது. அங்கே அளந்த அதே அடிமட்டத்தால் ஆவணியில் இங்கே அளந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளுக்கு ஒரு முழுப் பாடம். சிங்கராஜாவுக்குப் போக முடியாத தம்பிமாருக்கும் வேலை இருக்கும்.

மூதூர்க்கரை

அதாவது மழைக்காடு உங்களுக்கு, கன்னியா எங்களுக்கு. விளங்குது நானா.

கிண்ணியா ஆசான்

தம்பி, நான் சொன்னதை அப்படி எடுக்காதீர்கள். நானும் இன்னும் சிங்கராஜா போகாதவன்தான். பைன் கதை படித்து அறிந்தது.

மலைமுகடு

ஆ, இப்போது வெளியே வருகிறது! ஆசான் போகவே இல்லை. போகாதவர் நான் நின்ற இடத்தைச் சொல்கிறார், டீச்சர் கைதட்டுகிறார். நாலு தடவை போனவன் சொன்னால் எடுபடாது.

உப்புவெளி டீச்சர்

நாற்பது தடவை போனாலும் அளக்காவிட்டால் அது கதைதான் சேர். என்னிடம் எட்டு இடத்தின் அளவும் கொப்பியில் இருக்கிறது, நேரம் போட்டு, பக்கத்தில் நின்ற மரத்தின் பெயர் போட்டு. கூட வந்தவர்களிடமும் கேட்கலாம். அட்டை கடித்த இரத்தக் கறை கூட அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

போன கிழமை தரம் பத்தில் ஒரு பிள்ளை கேட்டாள்: “மிஸ், மண்ணில சத்து இல்லாட்டி மரம் எப்பிடி அவ்வளவு உயரம் வந்தது?” முன்பு இந்தக் கேள்வி வந்தால் புத்தகத்தில் உள்ள சத்துச் சுழற்சிப் படத்தைக் காட்டுவேன். இந்த முறை அந்த இரண்டு இலையையும் தைத்த வெள்ளை நூலைப் பற்றிச் சொன்னேன். வகுப்பு அப்படியே அமைதியாக இருந்து கேட்டது. இதற்குத்தான் போக வேண்டும் என்கிறேன். போய்விட்டு வந்து முழங்கால் என்று சொல்வதற்கு இல்லை.

மலைமுகடு

ஹோட்டன் சமவெளியில் சருகும் உக்கலும் எவ்வளவு தடிப்பு என்று பாருங்கள், பிறகு பேசுவோம்.

உப்புவெளி டீச்சர்

அது 2,000 மீற்றருக்கு மேலே உள்ள குளிர் மலைக்காடு. குளிரில் உக்கல் மெதுவாகத்தான் நடக்கும், தடிப்பாகத்தான் கிடக்கும். நாம் பேசுவது சிங்கராஜா. மலை மலையாகத் தாவாதீர்கள் சேர், உங்கள் பெயர் மலைமுகடு என்பதற்காக.

மலைமுகடு

பெயரைத் தொட்டுவிட்டீர்கள். சரி. ஆவணியில் அடுத்த பயணம் நான் ஒழுங்கு செய்கிறேன். நான் நின்ற இடத்துக்கே கூட்டிப் போகிறேன். அடிமட்டம் போதாது, தையற்காரனின் நாடா கொண்டு வாருங்கள்.

மூதூர்க்கரை

அந்த வானில் எத்தனை இடம் சேர்? மூதூருக்கு எத்தனை?

மலைமுகடு

முதலில் டீச்சர் வருகிறாரா என்று சொல்லட்டும்.

உப்புவெளி டீச்சர்

வருவேன். அந்த இடத்தில் என்ன மரம் நிற்கிறது என்று முதலில் எழுதுங்கள். ஆசான் நானா கேட்டு இன்னும் பதில் வரவில்லை.

மலைமுகடு

வந்து பாருங்கள்.