3, 4, 5-ஆம் வகுப்புக்கு வாழ்க்கைக் கணக்கு சவால்கள்: என்ன கொடுக்கலாம்?

மூன்றாம்_பெஞ்ச்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு, 40 நிமிடம், கணக்கு மன்றம். 3 முதல் 5 வரை ஒரே அறையில் 27 பிள்ளைகள். வெறும் கூட்டல், கழித்தல் என்றால் கடகடவென்று போட்டுவிடுகிறார்கள். அதையே மூன்று வரிக் கணக்காக எழுதிப் போட்டால், படித்து முடிக்கும் முன்பே "டீச்சர், கூட்டணுமா கழிக்கணுமா?" என்று ஆரம்பித்துவிடுகிறது. விளையாட்டு மாதிரியும் இருக்க வேண்டும், இந்தக் கேள்வியும் குறைய வேண்டும். ஐஸ் குச்சி, புளியங்கொட்டை, பழைய காலண்டர் அட்டை இவை போதும் என்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

கோலிக்குண்டு

டீச்சர், 'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி, 'அதிகம்' வந்தால் கூட்டு என்று சுவரில் சார்ட் ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பாதி வியாதி அங்கிருந்துதான் வருகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்:

கவினிடம் 12 கோலி இருக்கிறது. அது மாறனிடம் இருப்பதைவிட 5 அதிகம். மாறனிடம் எத்தனை?

'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் 17 என்பார்கள். விடை 7. 'யாரிடம் கூட இருக்கு?' என்று மட்டும் கேளுங்கள், வேறு எதுவும் சொல்ல வேண்டாம். கவின் பெயரில் ஒரு நீளக் கட்டம், அதன் கீழே மாறன் பெயரில் குட்டைக் கட்டம், நீண்டு நிற்கும் துண்டில் 5. படம் வந்துவிட்டால் கணக்கு தானே வரும்.

இன்னொரு வழி, எண்ணே இல்லாமல் கணக்கைச் சொல்வது. "பஸ்ஸில் சில பேர் இருந்தாங்க. ஸ்டாப்பில் சில பேர் இறங்கினாங்க, அதைவிடக் கம்மியான பேர் ஏறினாங்க. இப்போ முன்னைவிடக் கூட்டமா, குறைவா?" கூட்டிப் பார்க்க எண்ணே இல்லை என்பதால் கதையைக் கேட்டே ஆக வேண்டும். குறைவு என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு எண்களை எழுதுங்கள்: 34 பேர், 9 பேர் இறங்கினார்கள், 6 பேர் ஏறினார்கள். விடை 31. யாராவது 49 என்றால் நீங்கள் திருத்த வேண்டாம், 'கூட்டம் குறையும்னு சொன்னியே' என்று பக்கத்தில் இருப்பவனே சொல்லுவான்.

மீதி_மூன்று

மேலே சொன்னது சரி. நான் வகுத்தலுக்குச் சொல்கிறேன். மூன்று அட்டை எழுதுங்கள்.

33 பிள்ளைகள் சுற்றுலா போக வேண்டும், ஒரு வண்டியில் 5 பேர்தான் ஏறலாம், எத்தனை வண்டி வேண்டும்?
கையில் 33 ரூபாய், ஒரு பென்சில் 5 ரூபாய், எத்தனை பென்சில் வாங்கலாம்?
33 லட்டை ஐந்து ஐந்தாகப் பெட்டியில் அடுக்கினால் வெளியே நிற்பது எத்தனை?

மூன்றிலும் அதே 33ஐ அதே 5ஆல்தான் வகுக்கிறோம், ஆனால் விடை 7, 6, 3. மூன்று குழுவுக்குக் குழுவுக்கு ஒரு அட்டையாகக் கொடுத்து, விடையை மட்டும் பலகையில் எழுதச் சொல்லுங்கள். 'நீ போட்டது தப்பு' என்று மற்றவர்களிடம் சண்டைக்கு நிற்பார்கள். அந்த நேரத்தில் அட்டைகளை மாற்றிக் கொடுங்கள்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற தடுமாற்றம் இல்லை. அமெரிக்காவில் 1983இல் வெளியான தேசிய மதிப்பீட்டு முடிவில், 13 வயதுப் பிள்ளைகளுக்கு 1,128 வீரர்கள், ஒரு பஸ்ஸில் 36 பேர், எத்தனை பஸ் என்ற கணக்கு இருந்தது. சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகப் போட்டார்கள். 32 என்று விடை எழுதியது 23 சதவீதம்தான். '31, மீதி 12' என்று எழுதியவர்கள் 29 சதவீதம். மீதி 12 பேர் நடந்து போவார்களா என்ன!

சோழிமுத்து

5-ஆம் வகுப்புக்காரர்களுக்கு ஆடு கோழிக் கணக்கு. பட்டியில் 8 தலை, 22 கால். ஆடு எத்தனை, கோழி எத்தனை? 22ஐ 4ஆல் வகுக்கப் பாய்வார்கள், தடுக்காதீர்கள், அது முட்டி நிற்கும். பிறகு 8 புளியங்கொட்டை வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஐஸ் குச்சி. 16 குச்சி ஆச்சு, கையில் 6 மிச்சம். இரண்டு இரண்டாகக் கொடுத்தால் 3 கொட்டைக்கு நாலு கால் வரும். ஆடு 3, கோழி 5. ஒரு அணிக்கு 22 குச்சி எண்ணிக் கொடுத்துவிடுங்கள். கூடுதலாக இருந்தால் சரிபார்க்க முடியாது. முதலில் முடிப்பவர்களுக்கு 8 தலை, 23 கால். 'நொண்டி ஆடு' என்று ஒருவன் சொல்லுவான், அதற்கும் ஒரு மார்க் கொடுக்கலாம்.

அப்புறம் நத்தைக் கணக்கு. 10 அடிக் கிணறு, பகலில் 3 அடி ஏறும், இரவில் 2 அடி சறுக்கும். நாளுக்கு 1 அடி, அதனால் 10 நாள்.

மீதி_மூன்று

சோழிமுத்து சார், 8 நாள். 7 நாள் முடிவில் 7 அடியில் இருக்கும், 8-ஆம் நாள் பகலில் 3 அடி ஏறினால் வெளியே வந்துவிடும், அப்புறம் சறுக்க ஏது கிணறு? கரும்பலகையில் கோடு போட்டுச் சாக்பீஸை நகர்த்தினால் தெரியும்.

சோழிமுத்து

சரிதான், அவசரத்தில் எழுதிவிட்டேன். பிள்ளைகளும் இதே இடத்தில்தான் விழுவார்கள்.

12 அடிக் கயிற்றை 2 அடித் துண்டாக்க எத்தனை வெட்டு என்பதும் அதே ஜாதி. துண்டு 6, வெட்டு 5. காகிதத்தைக் கிழித்துப் பார்த்தால் போதும்.

வாய்பாடு_16

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை: பாதிப் பிள்ளைகளுக்குக் கணக்கு கஷ்டமில்லை, தமிழ்தான் கஷ்டம். 'தலா', 'வீதம்' இரண்டும் வீட்டில் யாரும் பேசாத சொற்கள். 'தலா 4 வீதம் 6 பேருக்கு' என்பதை 'ஆளுக்கு நாலு நாலா ஆறு பேருக்கு' என்று மாற்றிப் பாருங்கள், 10 என்று கூட்டுகிறவர்கள் குறைவார்கள். பாடநூலில் அந்தச் சொல் வரத்தான் போகிறது, அதனால் இரண்டாவது வாரம் ஒரே கணக்கை இரண்டு விதமாகவும் எழுதிக் காட்டுங்கள்.

வாரத்துக்கு ஒரு பொறிக் கணக்கும், அதாவது விடையே இல்லாத கணக்கும், இருக்கட்டும். 1980இல் பிரான்ஸின் கிரெனோபிள் ஊரில் 97 பிள்ளைகளிடம், கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருந்தால் கேப்டனுக்கு வயது என்ன என்று கேட்டார்கள். 76 பேர் அந்த எண்களை வைத்தே வயது சொல்லிவிட்டார்கள். 'இதுக்கு விடை இல்லை' என்ற பெட்டி ஒன்று மேஜையில் வைத்து, அதில் போடும் சீட்டில் ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். காரணம் இல்லாத சீட்டு செல்லாது, இல்லாவிட்டால் சோம்பேறிகளுக்கு அது வசதியாகிவிடும்.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு நம் பழைய கணக்கு: மரத்தில் இருந்த பறவைகளிடம் ஒரு பறவை 'நூறு பேரா?' என்று கேட்டதாம். 'நாங்களும், எங்கள் அளவு இன்னொரு பங்கும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால்தான் நூறு' என்றனவாம். 20 போட்டால் 56, 40 போட்டால் 111. பாதியில் பாதி வர வேண்டும் என்பதால் நாலாம் வாய்பாட்டு எண்கள் மட்டும்தான் ஆகும் என்று கண்டுபிடித்துவிட்டால், 36க்கு வந்துவிடுவார்கள். 36, 36, 18, 9, 1.

மூன்றாம்_பெஞ்ச்

அருமை. குழுவுக்கு எத்தனை பேர், மார்க் எப்படி? வேகத்துக்குப் பரிசு வைக்கலாமா?

கோலிக்குண்டு

மூன்று பேர், வகுப்புக்கு ஒருவராக. ஐந்து பேர் வைத்தால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். படத்துக்கு 2, 'ஏன் வகுத்தேன்' என்று வாயால் சொன்னதற்கு 2, விடைக்கு 1. வேகத்துக்கு வேண்டாம், முதல் ஆள் கை தூக்கியதும் மற்ற எட்டுக் குழுவும் பென்சிலைக் கீழே வைத்துவிடும். ஒரு பீரியடுக்கு மூன்று கணக்குக்கு மேல் ஓடாது. அட்டையில் எண்களை மட்டும் பென்சிலால் எழுதுங்கள், அடுத்த முறை அழித்துவிட்டு வேறு எண் போடலாம்.