மறு: போட்டிப் பரப்புக்கவர்ச்சி: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

> பாடநூலில்தான் 'பரப்புக்கவர்ச்சி' இருக்கிறதே, அப்புறம் என்ன?

சரி ஐயா, adsorption, அதாவது ஒரு திண்மத்தின் மேற்பரப்பில் துகள்கள் ஒட்டிநிற்பது, அதற்கு அந்தச் சொல் இருக்கிறது. அது மட்டும் போதுமென்றால் உங்கள் குழுவைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். நான் கேட்டது competitive adsorption என்பதற்கு. முன்னால் 'போட்டி' சேரும்போதுதான் வில்லங்கம். கரும்பலகையில் எழுதிய உடனே, திருமங்கலத்திலிருந்து வரும் மாணவி "பரப்புகளுக்குள்ள போட்டியா சார்?" என்றாள். போட்டி அயனிகளுக்குள். கரித்தூளின் பரப்பில் ஒட்ட இருக்கிற இடம் கொஞ்சம். செம்பும் துத்தநாகமும் அதற்கு அடித்துக்கொள்கின்றன. நீர்த்த மயில்துத்தக் (செம்பு சல்பேட்டு) கரைசலில் சிரட்டைக்கரித் தூளைப் போட்டுக் குலுக்கி, வடித்து, அம்மோனியா விட்டால் நீலம் வெளிறித் தெரியும்; செம்பில் ஒரு பங்கு கரியில் ஒட்டிவிட்டது. துத்தநாக உப்பையும் தாராளமாகச் சேர்த்துச் செய்தால் அவ்வளவு வெளிறாது. பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். செய்முறைக் கையேட்டில் போடப் பெயர்தான் இல்லை.

> 'க்' மிகாமல் எழுதினால் பரப்பே கவர்கிறது என்று பொருள் தெளியும்.

தெளியாது. 'பரப்பு' வன்தொடர்க் குற்றியலுகரம் (வல்லின மெய்யை அடுத்து வரும் குறுகிய உகரத்தில் முடிவது); நன்னூல்படி வேற்றுமைப் பொருளில் சேர்ந்தாலும் ஒற்று மிகும், அது அல்லாத அல்வழியில் சேர்ந்தாலும் மிகும். பரப்பு கவர்கிறதா, பரப்பைக் கவர்கிறார்களா என்பதற்கு அந்தக் 'க்' எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. பகைவரின் மாட்டு மந்தையைக் கவர்வதைப் பாடும் வெட்சித் திணையில் கவர்பவன் மறவன், கவரப்படுவது மாடு; இங்கே கரி மறவனா மாடா என்று இரண்டு நாள் மடல் எழுதியாயிற்று.

> புறத்துறிஞ்சல். அத்துச் சாரியையோடு (புறம் + அத்து + உறிஞ்சல்), அழகாக.

அழகுதான் அம்மா, இலங்கைப் பாடநூல்களில் பழகிய சொல்லும்கூட. ஆனால் இங்கே உறிஞ்சுவது என்றாலே உள்ளே இழுப்பது. புறத்தில் ஒட்டி நிற்பதை உறிஞ்சல் என்றால் என் வகுப்பு குழம்பும்.

> 'பற்றல்' என்க. மீட்பது 'பற்றறுத்தல்'.

பற்றை விடச் சொல்லும் 350ஆம் குறளுக்குச் சரி. அமிலம் விட்டுக் கரியில் ஒட்டிய செம்பை இறக்குவதைப் பற்றறுத்தல் என்றால் வகுப்பே சிரிக்கும்.

எனக்குப் பிடித்தது 'இடம்பிடிப் போட்டி'. மதுரைப் பெரியார் நிலையத்தில் பேருந்து நிற்கும் முன்பே சன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதேதான். "துண்டு போடுவதெல்லாம் கலைச்சொல்லா?" என்று குழுவில் ஒரு பெரியவர் சீறிவிட்டார், நான்கு பேர் ஆமோதித்தார்கள்.

ஆகவே 'போட்டி'யைக் கடைசிக்குத் தள்ளி, 'அயனிகளின் பரப்புக்கவர்ச்சிப் போட்டி' என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். நீளம்தான். ஆறு பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் களைத்துப்போய். புறத்துறிஞ்சலை விடமாட்டேன் என்ற அம்மாவின் மறுப்பு அடிக்குறிப்பில் வரும். போட்டி தெலுங்குச் சொல் என்றவர் மாற்றுச் சொல் அனுப்பினால் ஞாயிறு இரவு வரை பார்க்கிறேன்.