பேஸ் எக்சைட்டேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அதிர்வியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திணிப்பு அதிர்வு (வெளியிலிருந்து வரும் ஆட்டத்தால் எழும் அதிர்வு) அதிகாரத்தில் ‘பேஸ் எக்சைட்டேஷன்’ வந்து வழிமறிக்கிறது. வெள்ளிக்கிழமை மெய்ப்புக்குப் போயாக வேண்டும்.

ஒரு நிறை, அதன் கீழ் சுருள்வில், பக்கத்தில் ஆட்டத்தை அடக்கும் தணிப்பி. எல்லாம் ஒரு தளத்தின்மேல். நிறையை யாரும் தொடவில்லை. தளம் அசைகிறது, அந்த அசைவு வில் வழியாகவும் தணிப்பி வழியாகவும் ஏறி நிறையை ஆட்டுகிறது. நிலநடுக்கத்தில் கட்டடம், மேடுபள்ளச் சாலையில் வண்டி, எந்திரம் ஓடும் தரையில் வைத்த நுண்ணோக்கி எல்லாம் இந்த வகைதான். இப்போதைக்கு ‘ஆதார அதிர்வு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

*

அம்மா, ‘தளத்தூண்டல்’ என்று போடுங்கள். வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தருகிறேன், பிள்ளைகளுக்குப் புரிகிறது. ஆதாரம் என்றால் இன்று எல்லாரும் சான்று என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘தாங்கி’ பக்கமும் போகாதீர்கள், அதை பேரிங்குக்குக் கொடுத்தாயிற்று.

*

தூண்டல் மின்காந்தவியலின் சொத்து ஐயா. இந்த அதிகாரத்திலேயே நில அதிர்வை அளக்கும் ஜியோஃபோன் வரும். நிலத்தில் ஊன்றிய உறையோடு காந்தமும் அசையும், வில்லில் தொங்கும் சுருள் பின்தங்கும், இரண்டுக்கும் இடையிலான சார்பு இயக்கம் மின்னழுத்தமாக வெளிவரும். ‘தளத்தூண்டலால் சுருளில் மின்தூண்டல்’ என்று ஒரே வரியில் எழுத வேண்டிவரும். படிப்பவர் எந்தத் தூண்டலைப் பிடிப்பார்? ‘அடிக்கிளர்வு’ என்னலாம் என்று பார்த்தால், கிளர்வு அணு இயற்பியலுக்குப் போய்விட்டது.

*

நம்மிடம் இல்லாத சொல்லா? உரியியலில் தொல்காப்பியர் அதிர்வையும் விதிர்ப்பையும் சேர்த்து, இரண்டும் நடுக்கத்தைக் குறிக்கும் என்கிறார். அதிர்வை எடுத்துக்கொண்டோம், விதிர்ப்பை மறந்தோம்.

கயவர் ஈரக்கையைக்கூட உதறமாட்டார் என்னும் குறளை நினைத்துப் பாருங்கள், ‘ஈர்ங்கை விதிரார்’ என்கிறது. விதிர்ப்பது கை, தெறிப்பது அதில் ஒட்டியிருந்த நீர். நீரை யாரும் தள்ளவில்லை, அதைத் தாங்கிய கைதான் அசைந்தது. பேஸ் எக்சைட்டேஷன் என்பது இதுதானே! பிதிர் என்றாலும் சிதர் என்றாலும் துளி, சிதறல். விதிர், பிதிர், சிதர் மூன்றும் ஒரு குடும்பம் என்றே எனக்குப் படுகிறது. தாங்குவது அசையத் தாங்கப்படுவது ஆடும் என்ற பொருள் வேரிலேயே கிடக்கிறது. ‘அடிவிதிர்ப்பு’ என்று வையுங்கள்.

*

படிக்க இன்பமாக இருக்கிறது ஐயா, ஆனால் பொறியியல் மாணவனுக்கு உரியியல் தெரியாது. தவிர, விதிர்ப்பது ஒரு வீச்சில் முடிகிற உதறல். இங்கே தளம் சைன் அலையாக ஆடிக்கொண்டே இருக்கிறது.

நான் போடும் கணக்கைச் சொல்கிறேன். சாலையின் ஏற்ற இறக்கம் 6 மீட்டருக்கு ஒருமுறை வருகிறது, வண்டியின் இயற்கை அதிர்வெண் 1.5 ஹெர்ட்ஸ். நொடிக்கு 9 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 32 கி.மீ. வேகத்தில் ஒத்ததிர்வு, அதாவது சாலையின் ஆட்டமும் வண்டியின் இயற்கை அதிர்வெண்ணும் ஒத்துப்போய் ஆட்டம் பெருகும். வேகம் அதைப் போல் √2 மடங்கு, ஏறக்குறைய 46 கி.மீ. ஆனதும் வண்டியின் வீச்சும் (ஆட்டத்தின் அளவும்) சாலையின் வீச்சும் சமம், தணிப்பு எவ்வளவாக இருந்தாலும். அதையும் தாண்டினால் வண்டி சாலையைவிடக் குறைவாக ஆடும். அந்தப் பகுதியில் தணிப்பைக் கூட்டினால் ஆட்டம் கூடும்! தணிப்பியின் ஒரு முனை அசையும் தளத்தோடு கட்டியிருக்கிறதே, அதுவும் அசைவை மேலே ஏற்றிவிடுகிறது. வகுப்பே திணறும் இடம் இது. இங்கே சொல்லோடும் மல்லுக்கட்ட வைக்காதீர்கள்.

*

ஒத்ததிர்வு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இலங்கைப் பாடநூல்களில் அது ‘பரிவு’. ஒன்று ஆட இன்னொன்று மனம் இரங்கி உடன் ஆடுவது போல, என்ன அழகான சொல்! பேச்சு திசை மாறுகிறது, மன்னிக்கவும்.

*

எல்லாரும் வேரைத் தோண்டுகிறீர்கள், வேற்றுமையைக் கவனிக்கவில்லை. ‘ஆதார அதிர்வு’ என்றால் ஆதாரத்தினது அதிர்வு என்றே காது கேட்கும். அதிர்வதோ மேலிருக்கும் நிறை. ‘தளத்தூண்டல்’ தளத்தைத் தூண்டுவதா, தளத்தால் தூண்டுவதா? ‘அடிவிதிர்ப்பு’க்கும் இதே கதிதான். காரணம் ஒரு பொருளில், விளைவு இன்னொரு பொருளில். சொல் இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

‘அடியசைவு அதிர்வு’: அடியினது அசைவால் உண்டாகும் அதிர்வு. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அசைவது அடி, அதிர்வது நிறை. சேர்த்தால் அடியசைவதிர்வு.

*

அசைவு முற்றியலுகரம் அல்லவா? உகரம் எப்படிக் கெடும்?

*

‘முற்றும் அற்று ஒரோவழி’ என்று நன்னூலே இடம் தருகிறது. கதவு, அழகு சேர்ந்தால் கதவழகு.

*

புணர்ச்சி சரி, பொருள் குறைகிறது. தலைகீழ் ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள், குண்டு மேலே, தாங்கும் புள்ளி கீழே. அந்தப் புள்ளியை மேலும் கீழுமாக மிக விரைவாக ஆட்டினால் விழ வேண்டிய ஊசல் நிமிர்ந்தே நிற்கும். இதை 1908இல் ஆண்ட்ரூ ஸ்டீபன்சன் எழுதினார், 1951இல் ரஷ்ய இயற்பியலாளர் கபிட்சா தெளிவாக விளக்கினார். தாங்குமிடத்தின் அசைவுதான் அங்கும் காரணம், விளைவோ அதிர்வு அல்ல, நிலைப்பு. ஆகவே சொல் ‘அடியசைவு’ என்பதோடு நிற்கட்டும். அடியசைவு அதிர்வு, அடியசைவு நிலைப்பு என்று வேண்டியதை ஒட்டிக்கொள்ளலாம். ஊசல் மேலிருந்து தொங்கினால் ‘அடி’ எது என்று கேட்பீர்கள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

*

அனைவருக்கும் நன்றி. அதிகாரத் தலைப்பை ‘அடியசைவால் எழும் அதிர்வு’ என்று விரித்தும், உள்ளே ‘அடியசைவு அதிர்வு’ என்று பிரித்தும் எழுதுகிறேன். ஆறு பேரில் நால்வர் இதற்கு இசைந்திருக்கிறார்கள். விதிர்ப்பை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன்.

*

அடிக்குறிப்பில் ஒதுக்கும் சொல் ஒருநாளும் நடைமுறைக்கு வராது அம்மா. என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன்.

*

நூலில் எது வந்தாலும் கரும்பலகையில் தளத்தூண்டல்தான். அது கிடக்கட்டும், நிறையின் வீச்சுக்கும் தளத்தின் வீச்சுக்கும் உள்ள விகிதத்தை என்னவென்று எழுதப்போகிறீர்கள்? ‘கடத்துதிறன்’ என்று மட்டும் வேண்டாம், அது மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் புழங்குகிறது.