அஞ்சு குடும்பம் சேர்ந்து ஒரே நிலத்துல வாழலாம்னு இருக்கோம், எதுல ஆரம்பிக்கணும்?

வேப்பமரத்தடி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க காலேஜ்ல ஒண்ணா படிச்ச அஞ்சு பேர், இப்ப எல்லாருக்கும் குடும்பம் ஆயிடுச்சு, சென்னைல ஆளுக்கொரு ஃப்ளாட்ல ஈஎம்ஐ கட்டிக்கிட்டு எதிர்வீட்ல யார் இருக்காங்கன்னே தெரியாம ஓடுது. திருவண்ணாமலை பக்கம் 6 ஏக்கர் பாத்திருக்கோம், ஒரு கிணறு, நாலு புளியமரம். ஆளுக்கொரு சின்ன வீடு, சமையல் பொதுவுல, விவசாயம் சேர்ந்து, பிள்ளைங்க ஒண்ணா வளரணும். அடுத்த மாசம் அட்வான்ஸ் குடுக்கலாம்னு பேச்சு. யார் பேர்ல வாங்குறது, வேற என்ன பாக்கணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கரிசல்காட்டான்:
தம்பி, அட்வான்ஸ மொதல்ல நிறுத்தி வைங்க. நாங்க நாலு குடும்பம் இதே ஆசைல வாங்கினோம், கூட்டுப்பட்டா. மோட்டார் ரூம் கதவுல ஒரு நோட்டு தொங்கும், யார் என்னைக்கு தண்ணி பாய்ச்சணும்னு முறை எழுதி, ரெண்டு வருஷம் ஒரு சண்டை கிடையாது. மூணாவது வருஷம் ஒருத்தருக்கு அப்பா உடம்புக்கு முடியாம போச்சு, அவசரமா பணம் வேணும், என் பங்க குடுங்கன்னாரு. வாங்குன விலையா இன்னைக்கு விலையா? எங்கயும் எழுதி வைக்கல. யாரும் கெட்டவங்க இல்ல, ஆனா பாகப்பிரிவினை வரைக்கும் போயிடுச்சு, கிணறு ஒருத்தர் பாகத்துல விழுந்துச்சு, எங்க பக்கம் வெறும் மேடு. இப்பவும் அந்த வழியா போனா வண்டிய நிறுத்த மனசு வர்றதில்ல. எப்படி சேர்றதுன்னு பேசுறதுக்கு முன்னாடி ஒருத்தர் எப்படி வெளிய போவார்னு எழுதுங்க. விலை எப்படி கணக்கு, எத்தன வருஷத்துல திருப்பித் தர்றது, வெளியாளுக்கு விக்கலாமா, எல்லாம்.

செம்மண்பூமி:
கரிசல் அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு. புதுச்சேரி பக்கம் பல நாட்டுக்காரங்க சேர்ந்து வாழ்ற ஆரோவில்ல நான் ரெண்டு வருஷம் வாலண்டியரா இருந்தேன். 1968 பிப்ரவரி 28ல 124 நாட்டு மண்ண ஒரே தாழியில போட்டு ஆரம்பிச்சாங்க, அப்ப அது காஞ்ச செம்மண் பொட்டல், மழை பேஞ்சா மண்ணோட ஓடிடும், வரப்பு போட்டு தண்ணிய நிக்க வச்சு மரம் நட்டுத்தான் இன்னைக்கு இருக்கற காடு. 50,000 பேருக்குன்னு திட்டம், இன்னும் சில ஆயிரம் பேர்தான், அவ்ளோ மெதுவா வளர்ற விஷயம் இது. அங்க நீங்க காசு போட்டுக் கட்டினாலும் வீடு உங்க சொந்தம் கிடையாது, போனா விட்டுட்டுப் போகணும். அதனால புதுசா வர்றவங்கள உடனே சேத்துக்க மாட்டாங்க, பழகிப் பாக்க ஒரு காலம் வச்சிருக்காங்க. நண்பர்களா இருந்தாலும் உங்களுக்கும் அது வேணும்.

மல்லிகா_ஈரோடு:
பொதுச் சமையல்னு எழுதியிருக்கீங்களே தம்பி, யாரு சமைக்கறது? அமெரிக்காவுல வர்ஜீனியால ட்வின் ஓக்ஸ்னு பல பேர் சேர்ந்து வாழ்ற ஒரு இடம், 1967ல ஆரம்பிச்சு இன்னும் நடக்குது, அங்க சமைக்கறது, குழந்தைய பாத்துக்கறது எல்லாம் சம்பாதிக்கற வேலையோட சரிசமமா மணிக்கணக்குல சேரும். நீங்க அப்படி எழுதலேன்னா அஞ்சு வீட்டுப் பொம்பளைங்களும் அந்த அடுப்படிலயே நிப்பாங்க. வீட்ல இருக்கவங்கள உக்கார வச்சுக் கேட்டீங்களா?

பத்திரம்_பாலு:
பத்திரம் எழுதுறவன்ங்கற முறையில சொல்றேன். அஞ்சு பேர் பேர்லயும் பிரிபடாத பாகமா (எந்த இடம் யாருக்குன்னு பிரிக்காம, ஆளுக்கொரு பங்கு மட்டும்) வாங்கினா, ஒருத்தர் காலமானா பங்கு வாரிசுக்குப் போகும், உங்க பேச்சு அவங்களுக்குத் தெரியாது, கேஸ் போட்டு பிரிச்சுக் கேக்கலாம். சங்கமா பதிஞ்சா (1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், குறைஞ்சது 7 பேர், கணவன் மனைவி சேத்தா நீங்க 10) சொத்து சங்கத்தோடது, போட்ட பணத்த பங்குன்னு கேக்க முடியாது. எதுன்னாலும் வக்கீல வச்சு தனி ஒப்பந்தம் எழுதுங்க. வில்லங்கம் 30 வருஷத்துக்குப் பாருங்க, வண்டிப்பாதை பத்திரத்துல இருக்கான்னு பாருங்க, விவசாய நிலத்துல அஞ்சு வீடுன்னா அனுமதிய முன்னாடியே விசாரிங்க.

வேப்பமரத்தடி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மல்லிகாக்கா, நேத்து ராத்திரி கேட்டேன், என் மனைவி ஒரு மாசமா இதத்தான் நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. அட்வான்ஸ் குடுக்கல. அதே ஊர்ல ஒரு பழைய ஓட்டு வீடு வாடகைக்கு எடுத்து ஆறு மாசம் சனி ஞாயிறு எல்லாரும் ஒண்ணா தங்கறதா முடிவு, மொத வாரம் சமையல் நானும் இன்னொரு நண்பனும். கரிசல் அண்ணா, வெளிய போறதுக்கான ஒப்பந்தம் எழுதி முடிச்சதும் இங்க போடறேன், ஒரு தடவ படிச்சுப் பாத்துச் சொல்றீங்களா?