எட்டு பாரைத் தாண்ட முடியவில்லை. கீபோர்டும் தாமதமாக ஒலிக்கிறது. உதவி தேவை

புதுவிரல்:
வணக்கம். இரண்டு மாதங்களாக இசைத் தயாரிப்பு மென்பொருள் கற்றுவருகிறேன். கற்கிறேன் என்பதைவிட, பிறர் கற்பிப்பதை வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் உண்மை. அதற்குள் மூன்று மென்பொருள்கள் மாற்றியாயிற்று. கையில் இருப்பவை: சுமாரான விண்டோஸ் மடிக்கணினி, கணினியோடு இணைத்து வாசிக்கும், 25 விசைகள் கொண்ட மிடி கீபோர்டு, ஒரு ஹெட்போன்.

சிக்கல் இரண்டு. டிரம்ஸ், பேஸ், ஒரு மெட்டு என்று எட்டு பார் (தாளத்தின் எட்டுச் சுற்று) வரை அமர்க்களமாக வருகிறது. அதற்குமேல் ஓர் அடிகூட நகரவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்துப்போய்ப் புதிய கோப்பைத் திறந்துவிடுகிறேன். இப்படி முப்பத்தொரு கோப்புகள் கிடக்கின்றன. இரண்டாவது, விசையைத் தட்டினால் ஒலி சற்றுப் பொறுத்துத்தான் வருகிறது. தாளத்தோடு வாசிக்கவே முடியவில்லை. மென்பொருளை மாற்றினால் சரியாகுமா? எதைக் கற்பது நல்லது?

கம்பிக்காரர்:
தாமதத்தை முதலில் பார்ப்போம், அது எளிது. அமைப்புகளில் ஆடியோ பகுதியைத் திறந்து, எந்த டிரைவர், பஃபர் அளவு எவ்வளவு என்று பாருங்கள். விண்டோஸின் பொது டிரைவரில் இருந்தால், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவருக்கு மாறுங்கள்.

பஃபர் என்பது ஒரு கூடை. கணினி ஒலியை அதில் நிரப்பி மொத்தமாக அனுப்புகிறது. வினாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் சிறு துணுக்கு) என்ற கணக்கில், 1024 சாம்பிள் கூடை நிரம்ப 23 மில்லிவினாடி ஆகும். 128 என்றால் மூன்று மில்லிவினாடிகூட ஆகாது. அளவுக்கு மீறிக் குறைத்தால் கணினிக்கு மூச்சு வாங்கும், ஒலி கரகரக்கும். அப்போது ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள்.

புதுவிரல்:
மென்பொருளோடு வந்த ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்தேன். 128இல் கரகரத்தது; 256இல் நின்றுவிட்டது. ஆனால் தாமதம் குறைந்ததாகவே தெரியவில்லை.

கம்பிக்காரர்:
ஹெட்போன் கம்பியுள்ளதா, புளூடூத்தா?

புதுவிரல்:
புளூடூத்.

கம்பிக்காரர்:
திருடன் அகப்பட்டான். புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்துக் காதில் சேர்ப்பதற்குள் 100 மில்லிவினாடிக்கு மேல் போவது சாதாரணம். நீங்கள் பஃபரில் மிச்சம் பிடித்ததெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம். கம்பியுள்ள ஹெட்போனை எடுங்கள், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. பாட்டுக் கேட்பதற்கும் படம் பார்ப்பதற்கும் புளூடூத் போதும், வாசிப்பதற்கு ஆகாது.

பாதிப்பாட்டு:
தம்பி, அந்த முப்பத்தொரு கோப்புகளைப் பற்றி யாரும் பேசவில்லையே, நான் பேசுகிறேன். என்னிடமும் ஒருகாலத்தில் அப்படி ஒரு கிடங்கு இருந்தது.

மென்பொருளை மாற்றாதீர்கள். எல்லாவற்றிலும் டிராக்குகள், சுரங்களை இடும் கட்டமான பியானோ ரோல், மிக்சர் என்று சட்டகம் ஒன்றுதான். பொத்தான் இருக்கும் இடம்தான் வேறு. ஒன்றில் ஒரு பாட்டை முடித்தவர் இன்னொன்றைச் சில நாளில் பிடித்துக்கொள்வார்.

முப்பத்தொன்றில் பிடித்த ஒன்றைத் திறங்கள். வேகம் என்ன?

புதுவிரல்:
96. நாலு அடி தாளம்.

பாதிப்பாட்டு:
நல்லதாகப் போயிற்று, கணக்கு சுத்தமாக வருகிறது. 96இல் ஒரு பார் இரண்டரை வினாடி. எட்டு பார் 20 வினாடி. அதை அப்படியே ஆறு முறை அடுத்தடுத்து ஒட்டுங்கள். 48 பார், சரியாக இரண்டு நிமிடம். இனிமேல் எதையும் சேர்க்கக் கூடாது, அழிக்க மட்டுமே அனுமதி.

முதல் துண்டில் மெட்டும் பேஸும் தவிர எல்லாவற்றையும் அழியுங்கள். இரண்டாவதில் டிரம்ஸில் ஹைஹாட் தட்டு மட்டும் உள்ளே வரட்டும், கிக் என்ற பெரிய முரசு இன்னும் வேண்டாம். மூன்றாவதில் எல்லாம் ஒலிக்கலாம். நான்காவதில் பேஸையும் டிரம்ஸையும் எடுத்துவிட்டு மெட்டைத் தனியே நிற்க விடுங்கள். அதன் கடைசி பாரின் கடைசி அடியில் அந்த மெட்டையும் நிறுத்தி, ஓர் அடி முழு அமைதி. அந்த அமைதிக்குப் பிறகு ஐந்தாவதில் எல்லாம் சேர்ந்து விழும்போது, புதிதாக எதுவும் செய்யாமலேயே பாட்டு பெரிதாகிவிட்டதைக் கேட்பீர்கள். ஆறாவதில் ஒவ்வொன்றாக விலகிப்போகட்டும்.

எட்டு பார் லூப்பில் எல்லா வாத்தியங்களையும் ஒரே நேரத்தில் அடுக்கிவிடுகிறோம். உச்சியில் தொடங்கினால் ஏற இடம் ஏது? உங்களுக்கு யோசனை வறண்டுவிடவில்லை, இருக்கும் யோசனை ஓரிடத்தில் குவிந்து கிடக்கிறது.

சுருதிசுத்தம்:
இதோடு ஒரு பயிற்சி. உங்களுக்குப் பிடித்த ஒரு பாடலை ஒரு டிராக்கில் இறக்கி, அதன் வேகத்துக்குக் கோப்பை அமைத்து, புதிதாக ஒரு வாத்தியம் நுழையும் இடத்திலெல்லாம் குறியிடுங்கள். பெரும்பாலும் 4, 8, 16 பாருக்கு ஒருமுறைதான் திருப்பம் வரும். பத்து வீடியோ பார்ப்பதைவிட இது மேல்.

கம்ப்ரஸர், புதுப்புது பிளகின் பக்கமெல்லாம் இப்போது தலைவைக்காதீர்கள். எல்லா ஒலியும் கலந்து வெளியேறும் மாஸ்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால், டிராக்குகளின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் எல்லா ஃபேடரையும் சேர்த்து இறக்குங்கள், அது போதும். வாசித்ததை முழுக்க குவான்டைஸ் செய்துவிடுங்கள், அதாவது சுரங்களைத் தாளக் கட்டத்தில் ஒட்டிவிடுங்கள்.

பாதிப்பாட்டு:
கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை. நூறு விழுக்காடு கட்டத்தில் ஒட்டினால் மெட்டு மரக்கட்டை ஆகிவிடும். கிக்கை ஒட்டுங்கள், மெட்டைப் பாதியளவு இழுத்தால் போதும். எல்லா சுரமும் ஒரே அழுத்தத்தில் இருந்தாலும் உயிர் போய்விடும். மிடியில் அழுத்தத்துக்கு 127 வரை இடம் இருக்கிறது; பியானோ ரோலின் அடியில் உள்ள கோடுகளைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

சுருதிசுத்தம்:
தொடக்கத்தில் தாளம் நிற்கட்டும், உயிர் பிறகு வரும் என்பது என் கட்சி. இருக்கட்டும்.

புதுவிரல்:
கம்பி ஹெட்போனில் தாமதம் போய்விட்டது. இவ்வளவு நாள் என் விரலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். 48 பாரும் ஒட்டிவிட்டேன், நான்காவது துண்டுவரை அழித்தாயிற்று. ஆனால் இன்று திறக்கப்போனால் கோப்பு திறக்கவில்லை. சோதனைப் பதிப்பில் சேமிக்கலாமாம், மீண்டும் திறக்க வேண்டுமென்றால் வாங்க வேண்டுமாம்!

கம்பிக்காரர்:
அதை எழுதியே இருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை. கோப்பை அழித்துவிடாதீர்கள், பிறகு வாங்கினால் திறக்கும். இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மாறலாம்: ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம், எல்எம்எம்எஸ் என்ற இன்னொன்று முழுக்க இலவசம். இனி ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது டிராக்குகளைத் தனித்தனி வேவ் ஒலிக்கோப்புகளாகவும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

புதுவிரல்:
ரீப்பரில் மெட்டை நினைவிலிருந்தே மறுபடி வாசித்தேன். பாதிதான் குவான்டைஸ். ஒரு நிமிடம் 58 வினாடி வந்திருக்கிறது. கடைசி ஒரு பாரை எங்கே அழித்தேன் என்று தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். நான்காவது துண்டில் அந்த ஓர் அடி அமைதி இருக்கிறது. வேவ் கோப்பாகவும் எடுத்துவிட்டேன்.